மேட்டுக்குப் போடு

ஜனவரி 16, 2013

அழகையா போய்விட்டான். கண்டியில் ஒரு பெரிய கல்லூரி அவனைத் தங்கள் உதைபந்தாட்டக் குழுவுக்கு எடுத்துக்கொண்டது. விடுதி, சாப்பாடு, சப்பாத்து எல்லாம் அவர்கள் பொறுப்பாம். அவன் அம்மா பாப்பம்மா காலையில் மிச்சப் பொங்கலைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு என் குவாட்டர்ஸ் வாசலுக்கு வந்தார்.

"நீங்க ஆளாக்கி விட்ட புள்ள சேர். இனி தோட்டத்துல வேலைக்குப் பேர் பதியத் தேவல்லதானே?"

தேவையில்லை என்றேன். சந்தோஷம் என்றேன். அது பொய்.

ஆசிரியர் அறையில் உப அதிபர் நவரட்ணராஜா வேறு சும்மா இருக்கவில்லை. "என்ன ராஜரத்தினம், கோப்பையும் அவனோட பஸ் ஏறீட்டுது போல. பெடியன் விளையாடினான், நீர் விசில் ஊதினீர். அவ்வளவுதானே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மூன்று வருடம் தொடர்ந்து எங்கள் கல்வி வலயத்துக் கோப்பையை எடுத்திருக்கிறோம். நான் விசில் மட்டும்தான் ஊதினேனா? இந்த வருடம் காட்டுகிறேன்.

ஜனவரி 21

அழகையாவின் இடத்துக்குச் சின்னமுத்துவைப் போட்டிருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எங்கள் மைதானத்தின் சூட்சுமத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மலையை வெட்டினவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போன மைதானம் இது. பாடசாலைப் பக்கத்துக் கோடு மேடு, தேயிலைப் பக்கத்துக் கோடு பள்ளம். பள்ளப்பக்கம் ஓடுகிறவனுக்கு நேரே பந்தைக் கொடுத்தால் அது தேயிலைக்குள்தான் போய் விழும். மேட்டுக்குப் போட வேண்டும். போட்டால் தானாகவே உருண்டு வந்து அவன் காலில் நிற்கும். அவன் செய்ய வேண்டியதெல்லாம் முன்னால் ஓடிப் போய்க் காத்திருப்பதுதான்.

இதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தது. எங்கள் பையன்கள் இடம், வலம் என்று கத்துவதே இல்லை. "மேட்டுக்குப் போடு", "பள்ளத்துல நில்லு", இவ்வளவுதான். வெளியிலிருந்து வருகிற குழுக்கள் முழிப்பதைப் பார்க்க வேண்டும்!

பெப்ரவரி 5

சின்னமுத்து இன்றும் பந்தைத் தேயிலைக்குள் விட்டான். அழகையாவாக இருந்தால் — சரி, எழுத மாட்டேன்.

மார்ச் 9

கண்டியில் ஒரு பாடசாலையோடு சிநேகபூர்வ ஆட்டம். ஐந்துக்குப் பூச்சியம். பூச்சியம் நாங்கள்.

வெளியே போனால் எப்போதும் இப்படித்தான். மாகாணப் போட்டியில் மூன்று வருடமும் முதல் சுற்றோடு திரும்பினோம். வளைவு வளைவாக பஸ்ஸில் இறங்கிப் போனால் பாதிப் பேர் வாந்தி எடுக்கிறார்கள். பழக்கமில்லாத சாப்பாடு, நடுவரும் அவர்கள் ஆள். ஆனால் இவ்வளவு மோசமாக ஒருநாளும் தோற்றதில்லை.

கூட வந்திருந்த நவரட்ணராஜா என்னைப் பார்த்துவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

ஒத்துக்கொள்கிறேன். எல்லாம் அந்தப் பையனுடைய கால். நான் வெறும் விசில்.

மே 18

கண்டிக்குப் போய் அழகையாவின் ஆட்டத்தைப் பார்த்தேன். எதற்குப் போனேன்? அவன் நன்றாக ஆடினால் பெருமைப்படவா, சொதப்பினால் சந்தோஷப்படவா? இரண்டுக்கும் தயாராகத்தான் போனேன் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது பாதியில் இறக்கினார்கள். புதுச் சப்பாத்து, புது ஜேர்சி. பையன் அழகாக ஓடினான். ஓரக் கோட்டோடு நேராக ஓடி, எதிர்க் குழுவைத் தாண்டிப் போய் நின்று, திரும்பிப் பார்த்தான். பந்து மைதானத்தின் மறுபக்கம் கிடந்தது. மறுபடி ஓடினான். மறுபடி நின்று திரும்பிப் பார்த்தான்.

அவன் எதைப் பார்க்கிறான் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். பந்து மேட்டிலிருந்து உருண்டு வரும் என்று பார்க்கிறான். அங்கே ஏது மேடு? மைதானம் தோசைக்கல் மாதிரித் தட்டையாகக் கிடக்கிறது.

அவர்களுடைய பயிற்றுவிப்பாளர் சிங்களத்தில் ஏதோ கத்தினார். பெஞ்சில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அழகையாவை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள்.

போகும்போது என்னைக் கண்டுவிட்டான். கையைத் தூக்கினான். நான் கூட்டத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். சீ.

கூட்ஸ் செட் பஸ் நிலையத்தில் நிற்கும்போதுதான் அது உறைத்தது. முதல் வருடம் சுழற்சி முறையில் எங்கள் பாடசாலைக்கு வலயப் போட்டி வந்தது. அதன் பிறகு, கோப்பை எடுத்தவர்கள்தான் அடுத்த வருடமும் நடத்த வேண்டும் என்ற வழக்கம். மூன்று கோப்பையும் எங்கள் மைதானத்தில் எடுத்தது! ஐயோ, அவனும் இல்லை, நானும் இல்லை. அந்தச் சரிவுதான் எடுத்தது. அதை நம்பி ஒரு பிள்ளையை ஊரை விட்டே அனுப்பிவிட்டார்களே.

மே 20

பயிற்சிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 27

பாப்பம்மா வந்தார். கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து நேரே வந்திருக்கிறார், தேயிலைச் செடி கிழிக்காமல் இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. அழகையாவைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்களாம். விடுதி ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தானாம். அவன் வீட்டுக்கு வரவில்லை, கண்டி மார்க்கட் பக்கம் ஒரு இரும்புக் கடையில் வேலைக்கு நின்றுவிட்டான்.

"இங்க நல்லாத்தானே சேர் ஆடுனான்? அங்க போயி அவனுக்கு என்னா ஆச்சு?"

எனக்குத் தெரியும். தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டேன். நானெல்லாம் ஒரு மனுசன்.

ஜூலை 6

கடையைத் தேடிப் போனேன். அழகையா ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். மெலிந்துவிட்டான். முதலாளியிடம் கேட்டுவிட்டு வெளியே வந்தான்.

"நான் ஓடுற எடத்துக்குப் பந்து வரவேயில்ல சேர். நான் ஓடுனது பிழையா?"

"நீ ஓடினது பிழையில்ல."

"அப்ப?"

சொன்னேன். மேடு, பள்ளம், கோப்பை எல்லாம். நான் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு மைதானத்தைத்தான், உதைபந்தாட்டத்தை இல்லை என்றேன். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "பரவால்ல சேர்" என்றான்.

பாடசாலைக்குத் திரும்பி வா என்று கெஞ்சினேன்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வாறது? பௌர்ணமிப் போயாவுக்குத்தான் கடை பூட்டு. அன்னைக்கு அம்மாவப் பாக்க வருவேன். அது போதும்."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

ஜூலை 7

விட்டுவிடலாம் என்றிருக்கிறது. உதைபந்தாட்டத்தை யாராவது எடுத்துக்கொள்ளட்டும். நான் வரலாறு மட்டும் படிப்பிக்கிறேன். இறந்துபோனவர்களுக்கு என்னால் புதிதாகக் கெடுதல் செய்ய முடியாது.

செப்டெம்பர் 12

வலயக் கோப்பை. எங்கள் மைதானத்தில். நாலுக்குப் பூச்சியம். உதைபந்தாட்டத்தை வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, இன்னும் நான்தான்.

பள்ளப்பக்கம் ஓடின சின்னமுத்துவே இரண்டு கோல் போட்டான். பெப்ரவரியில் பந்தைத் தேயிலைக்குள் விட்டவன்! அதிபர் எனக்கு மாலை போட்டார். நவரட்ணராஜா கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஓம் ராஜரத்தினம், நான் பிழையாச் சொல்லிப்போட்டன். பெடியன் இல்லை, நீர்தான்."

இந்த வார்த்தைக்காக ஜனவரியில் நான் உயிரையே கொடுத்திருப்பேன். இன்று அது காதில் விழுந்ததும் மாலையைக் கழற்றி எங்காவது எறிய வேண்டும் போல இருந்தது.

அதற்குள் கண்டியிலிருந்து வந்த ஒருவர், வேறொரு கல்லூரிக்காரர், பக்கத்தில் வந்தார். அந்த ஓரத்தில் ஓடின பையன் யார், வீட்டில் பேசலாமா என்று கேட்டார். சின்னமுத்துவின் அம்மா வடிவம்மா அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பாப்பம்மா முகத்தில் பார்த்த அதே வெளிச்சம்.

"இப்ப வேணாம். அவனுக்குத் தட்டை மைதானத்துல ஆடத் தெரியாது. அடுத்த வருசம் வாங்க" என்றேன். அவர் நான் பையனை ஒளித்து வைக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். வடிவம்மா சிரிக்கவில்லை. மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

செப்டெம்பர் 19, போயா

கீழே சிங்களக் கிராமத்தில் அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கிற வயலைக் கேட்டிருந்தேன். வயற்காரர் அடுத்த உழவு வரைக்கும் விளையாடுங்கள் என்றார். பின்னேரம் குழுவை இறக்கிக்கொண்டு போனேன்.

முதல் அடியை வழக்கம்போல நீட்டி ஒரு பக்கமாக அடித்தார்கள். சின்னமுத்து மறுபக்கம் பாய்ந்து ஓடிப் போய் நின்று, திரும்பிப் பார்த்தான். பந்து விழுந்த இடத்திலேயே நின்றது. அத்தனை பேரும் அது உருளும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. மேடும் பள்ளமும் இல்லாமல் எனக்கு வார்த்தையே இல்லை.

"அது வராதுடா! நீ போ!"

ரோட்டோரத்து வரப்பிலிருந்து குரல். கையில் அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தோடு, கண்டி பஸ்ஸுக்கு நிற்கிற அழகையா.

சின்னமுத்து ஓடினான். இறங்கி வா என்று நான் கை காட்டினேன். அழகையா தலையை ஆட்டி மறுத்துவிட்டான். ஆனால் போகவில்லை. "நிக்காத! பந்துகிட்டப் போ! கேட்டு வாங்கு!" என்று வரப்பிலேயே நின்று தொண்டை கட்டும்வரை கத்தினான். நான் இன்று விசில் ஊதவே இல்லை.

கண்டி பஸ் வந்ததும் ஏறிவிட்டான். நாளைக்குக் கடை திறக்கிற நாள்.