ஒன்பதாவது பீம்

சேத்தியாத்தோப்பு,
வியாழக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு, கொளஞ்சியம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. நானும் நம் மகள் சத்யப்பிரியாவும் நலம். சூரத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால் நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஜான்சி எழுதுகிறாள்.

காடாம்புலியூர் முத்தம்மாள் அத்தை பலாப்பழம் கொண்டுவந்தாள். பஸ்ஸில் பழத்தை சீட்டில் உட்காரவைத்து, தான் நின்றுகொண்டே வந்தாளாம்.

யார்டில் பாலத்துக்கு வார்த்த பதினாறு பீமுக்கும் நான்தான் இன்னும் தண்ணீர் விடுகிறேன். உள்ளே கம்பியை இழுத்துக் கட்டினால் பீம் நடுவில் எழும்பும், ஜல்லிக்குப் பதில் சாம்பல் உருண்டை போட்டால் எடை குறைவு, இன்னும் கொஞ்சம் எழும்பும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். நூல் பிடித்துப் பார்த்தேன். மற்றதெல்லாம் இரண்டு விரல் எழும்பி நின்றுவிட்டது. ஒன்பதாவது நிற்கவில்லை. இன்று ஐந்து விரல். படுத்த மாடு எழுந்திருக்க முதுகைத் தூக்குமே, அப்படி. மற்றதில் தண்ணீர் வழிந்து ஓடுகிறது, இதில் ஓடுவதில்லை. காதை வைத்தால் குடிக்கிற சத்தம். காக்கைகூட இதில் மட்டும் உட்காருவதில்லை. 

இன்ஜினியர் ஞானசேகரன் சாரிடம் சொன்னேன். ரிஜிஸ்டரைப் புரட்டினார். கலவையில் போடுமுன் உருண்டை ஒரு நாள் முழுக்க ஊறியது என்று உங்கள் கையெழுத்து. "மேல தளம் போட்டா அழுந்திடும்மா, போ" என்றார்.

ஊறவில்லையே மாமா. தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி பார்க்கிற அவசரத்தில், உருண்டையை ஊறவைக்கும் குழாயைத் திறக்காமல் ஓடியவள் நான். திரும்பி வந்தபோது காய்ந்த உருண்டையிலேயே கலவை போட்டு, இறுகுகிறது என்று பச்சைத் தண்ணீரை அளவுக்கு மேல் ஊற்றி, இந்த ஒன்பதாவதை வார்த்து முடித்திருந்தீர்கள். "வாயத் தொறக்காத கொளஞ்சி, நான் பாத்துக்குறேன்" என்றீர்கள். மறு வாரமே ரயில் ஏறிவிட்டீர்கள்.

திங்கட்கிழமை கிரேன் வருகிறது. பீமைத் தூண்மேல் இறக்கும்போது முறிந்தால், அடியில் நிற்கப்போவது பாலகுமார். ஜான்சியின் வீட்டுக்காரர்.

இதைச் சொன்னதும் அவள் பேனாவை வைத்துவிட்டாள். என்னையே பார்த்தாள். "இத்தன நாளா இது ஒனக்குத் தெரியுமாக்கா?" என்று ஒரு தரம் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். பிறகு அவளே பேனாவை எடுத்தாள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் இருவரும் சாரிடம் போகிறோம். என் வாயாலேயே சொல்லிவிடுவேன். விசாரிக்க உங்களையும் வரச் சொல்வார்கள். வந்துவிடுங்கள் மாமா. எனக்காக ஒரு தரம் பொய் எழுதினீர்கள். வந்து அவர் முன்னால் "ஊறல" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று நான் விளக்கேற்றுகிறேன்.

உங்கள்
கொளஞ்சி