வண்டிக்கு ஊற்றிய தேங்காய் எண்ணெய்

21 ஜனவரி 1991, திங்கள்

பாறசாலை பெட்ரோல் பங்கில் இன்றும் ‘டீசல் இல்லை’ பலகை. வளைகுடாவில் சண்டை தொடங்கி நாலு நாள்தான் ஆகிறது, அதற்குள் இங்கே செங்கல் கிராமத்தில் என் அம்பாசிடர் பட்டினி கிடக்கிறது. பங்குக்காரன் பழகின முகம் என்பதால் ஒரு கேனில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தான். இனி வாரத்துக்கு ஒரு தடவை இவ்வளவுதான் என்றான்.

என் மனைவி நீலாம்பாளுக்குக் கழுத்துப் புற்றுக்கட்டிக்குக் கரண்டு, அதாவது ரேடியேஷன், வைக்கத் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. சனி ஞாயிறு தவிர தினமும் திருவனந்தபுரம் கொண்டுபோக வேண்டும். ஆறு வாரம். நடுவில் விட்டால் வைத்ததெல்லாம் வீண் என்று டாக்டர் முதல் நாளே கண்டித்துச் சொல்லிவிட்டார். டீசல் இல்லை, பொறுத்துக்கொள் என்று கட்டியிடம் போய்ச் சொல்ல முடியுமா?

22 ஜனவரி

ரயிலில் போனோம். பாலராமபுரம் வருவதற்குள் மயங்கி என் மேல் சாய்ந்துவிட்டாள். எழுந்து இடம் கொடுத்த பிள்ளை யாரோ, நன்றாக இருக்கட்டும். திரும்பும்போது பிளாட்பாரத்திலேயே வாந்தி. இனி ரயில் கிடையாது.

24 ஜனவரி

நேற்றும் இன்றும் கேனில் இருந்ததைக் கொண்டு போய்வந்தாயிற்று. ஒரு குப்பி அளவு மிச்சம். நாளைக்கு வண்டி நகராது.

மாலையில் வீட்டுக்கு எண்ணெய் வாங்கக் கிருஷ்ணன்குட்டியின் மில்லுக்குப் போனேன். உள்ளே எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கே இல்லாத டீசல் இவனுக்கு மட்டும் எப்படி? கேட்டேவிட்டேன்.

“டீசலா? எங்க சாரே டீசலு! நம்ம ஆட்டுன தேங்கா எண்ணெய்தான். ஒரு தம்ளர் டீசல்ல ஸ்டார்ட் ஆக்கும், சூடான பின்ன எண்ணெய். எஞ்சினுக்கு நாக்கு உண்டா, ருசி பாத்துக் குடிக்க?”

என் வண்டியும் டீசல் எஞ்சின்தானே என்று தோன்றியது. தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். புதிதாக ஒன்று யோசித்தான் என்று யாரும் என்மேல் பழி சொன்னது கிடையாது. வீட்டுக்கு வாங்கப் போனவன் ஒரு டின் எண்ணெயோடு வந்தேன்.

27 ஜனவரி, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஒரு நாள் தவறிவிட்டது. 

மெக்கானிக் சுயம்பு முதலில் சிரித்தான். பிறகு, “சார் நிஜமாட்டா சொல்லுதிய?” என்று என் முகத்தைப் பார்த்தான். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. டிக்கியில் ஒரு தகர டின்னை இறுக்கி, ட்யூப் இழுத்து, ஸ்டீரிங்குக்குக் கீழே குழாய்த் திருகு மாதிரி ஒரு டாப் வைத்தான். ஒரு பக்கம் திருப்பினால் டீசல், மறுபக்கம் எண்ணெய். டீசலில் கிளப்ப வேண்டும், சூடானதும் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே மறுபடி டீசலுக்குத் திருப்பிவிட வேண்டும்.

“அத மறந்தியன்னா போச்சு. விடியக்காலத்த குளிருக்கு எண்ணெய் பைப்புக்குள்ள நெய்யாட்டு உறைஞ்சிரும். பம்பு எத்தன நாளு தாங்கும்னும் நான் சொல்ல மாட்டேன், ஆமா.”

“இன்னும் நாலு வாரம் தாங்கினா போதும்.”

மறப்பதாவது! பூட்டிய மேஜையை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பும் ஆள் நான். ஆபீசில் அதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள்.

28 ஜனவரி

ஓடியது! நெய்யாற்றின்கரை தாண்டி டாப்பைத் திருப்பினேன். வண்டி ஒரு தடவை இருமியது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டே இருந்தது.

ஜன்னல் காற்று வேண்டும் என்று நீலாம்பாள் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நேமத்தில் ஒரு மாட்டுவண்டிக்காக நின்றோம். பின்னாலிருந்து எங்கள் புகையே எங்கள் மேல் வந்தது. மூக்கை உறிஞ்சினாள்.

“இஞ்ச பாருங்க, யாரு வீட்டுலயோ பப்படம் பொரிக்குவு.”

“யாரு வீடும் இல்ல. நம்ம வண்டி.”

சிரித்தாள். கழுத்து வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டே சிரித்தாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து, ஒரு வாரமாகக் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதையும் தொடாதவள், பப்படம் கேட்டாள். பாதி தின்றாள். நான் அடுக்களையில் திரும்பி நின்றுகொண்டேன்.

30 ஜனவரி

அசதி. எழுத ஒன்றுமில்லை.

3 பிப்ரவரி, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்று பெயர்தான். வாரத்துக்கான எண்ணெயைப் பழைய வேட்டியில் வடிகட்டியே பொழுது போயிற்று. கை, கதவுப்பிடி, கண்ணாடி, இந்த நோட்டு, எல்லாம் பிசுபிசுப்பு. விடியற்காலை எழுந்தால் டின்னில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. அண்டாவில் வெந்நீர் வைத்து, டின்னை அதில் இறக்கி, உருகின பிறகு வண்டியில் ஊற்ற வேண்டும். அதற்குள் அவளுக்குக் கஞ்சி, மருந்து. அறுபது வயதில் அடுக்களைக்காரனும் எண்ணெய்ச் செட்டியும் டிரைவருமாக ஆகிவிட்டேன்.

பம்பாயிலிருந்து மகன் ரமணன் போன் செய்தான். பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசினேன். “அப்பா, வண்டி நாசமாப் போயிரும். யாராவது கேட்டாச் சிரிப்பாங்க” என்றான். நீ வந்து உன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போயேன் என்று வாய்வரை வந்தது. லீவு கிடைக்காது அவனுக்கு. பாவம், அவனுக்கும் பயம்தான். வண்டியைப் பற்றிப் பேசினால் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டாமே.

8 பிப்ரவரி

பக்கத்து வீட்டு ரத்னபாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “தின்னுத சாதனத்த இப்பிடி எரிக்கலாமா சாரே?” என்றாள். உள்ளேயிருந்து நீலாம்பாளின் குரல் வந்தது. “எனக்குத்தான் தின்ன முடியல்லல்லா ரத்னபாய், வண்டியாவது தின்னட்டு!”

இவளுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ.

13 பிப்ரவரி

கரண்டு வைத்து முடிந்ததும் டாக்டர் என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார்.

கட்டி கரையவில்லை. நெஞ்சுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. விருப்பப்பட்டால் குறிப்பிட்ட நாட்களை முடிக்கலாம், முடித்தாலும் பெரிய மாற்றம் இருக்காது என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். சொன்னார்.

வெளியே பெஞ்சில் அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாரு என்றாள். நல்லா உண்டு என்றேன். வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று நினைவே இல்லை.

14 பிப்ரவரி

வண்டி கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, சுற்றுகிறது, ஒன்றும் பிடிக்கவில்லை. குனிந்து பார்த்தேன். டாப் எண்ணெய்ப் பக்கம் இருக்கிறது. நேற்று நான் திருப்பவே இல்லை. ராத்திரி முழுக்கப் பைப்பில் எண்ணெய் உறைந்து கிடந்திருக்கிறது.

கெண்டியில் வெந்நீர் கொண்டுவந்து, பைப்பின் மேல் துணி சுற்றி ஊற்றினேன். அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்து மட்கார்டைப் பிடித்தபடி நின்றாள். மூன்றாவது கெண்டி ஊற்றும்போது கேட்டாள்.

“டாக்டர் நேத்து என்ன சொன்னாரு?”

“அதான் சொன்னேம்லா. நல்லா உண்டுன்னு.”

“நல்லா உண்டுன்னு சொல்லியிருந்தா நீங்க டாப்பத் திருப்ப மறந்திருக்க மாட்டிய.”

வெந்நீர் என் காலில் கொட்டியது. சுட்டதுகூடத் தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் கூட இருந்தவளிடம் என்ன பொய் சொல்லி என்ன? சொல்லிவிட்டேன். நாள் கணக்கு தவிர மற்றதையெல்லாம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. நான்தான் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதேன்.

பத்தரை மணிக்கு எஞ்சின் பிடித்தது. “அணைச்சிருங்க, இனி அங்க போண்டாம்” என்றாள்.

15 பிப்ரவரி

கத்திவிட்டேன். உனக்காக இந்த எழவு எண்ணெயில் முங்கிக் கிடக்கிறேன், நீ வரமாட்டேன் என்கிறாயா, என்று. அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்கு? சண்டை போடத்தான். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். “அம்மாவோட இஷ்டத்துக்கு விடுங்க. வலிக்கு மருந்து தாறேன். சந்தோஷமா வச்சுக்கிடுங்க” என்றார். வழியெல்லாம் வண்டி பப்படமாக மணந்தது. பக்கத்து சீட் காலி.

18 பிப்ரவரி

வலி மருந்தில் தூங்குகிறாள். இன்று திங்கட்கிழமை. விடியற்காலையில் எழுந்து அண்டாவில் தண்ணீர் வைத்தேன். கொதித்த பிறகுதான் எதற்கு என்று தோன்றியது. அணைத்துவிட்டு வந்து படுத்தேன்.

22 பிப்ரவரி

பங்கில் டீசல் வந்துவிட்டது. வேண்டிய மட்டும் ஊற்றினான். வரவேண்டிய நேரத்தில் வராமல்! வாயில் வந்த கெட்ட வார்த்தையை எழுதவில்லை.

எண்ணெய் டின்னைக் கழற்றச் சுயம்புவை வரச்சொல்லியிருந்தேன். ஸ்பானரோடு குனிந்தவனை நீலாம்பாள் வாசலிலிருந்து தடுத்தாள். “அது அங்கன கெடக்கட்டு. டீசல் மணம் எனக்கு ஓங்கரிக்கும், வாந்தி வரும்.” சுயம்பு என்னைப் பார்த்தான், நான் அவளைப் பார்த்தேன். எங்கே போகப்போகிறோம் இனி என்று கேட்கத் துணிச்சல் இல்லை.

25 பிப்ரவரி, திங்கள்

ஏழு மணிக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகிற அதே நேரத்துக்கு, புடவை மாற்றித் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வண்டிப் பக்கத்தில் நிற்கிறாள். ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்துவிட்டது, மனசு மாறிவிட்டாளோ என்று.

“ஆஸ்பத்திரிக்கா?”

“இல்ல. பொழியூரு. எனக்குக் கடலு பாக்கணும்.”

தண்ணீர் வைத்தேன். எண்ணெய் உருகுகிற வரைக்கும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். போகிற வழியில், “முன்னால இருந்தா ரோடெல்லாம் தெரியுவு. இத்தன வருசமும் பொறத்த இருந்து உங்க பிடரியத்தான பாத்தேன்” என்றாள். அதில் என்ன குறை என்றேன். நரைச்சுப்போச்சு என்றாள்.

மணலில் நடக்க முடியாது. வண்டியைக் கடலுக்கு நேராக நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டேன். வெயில் ஏறும்வரை இருந்தோம். இத்தனை நாளும் நான் இவளைப் பிழைக்கவைக்கத்தான் வண்டி ஓட்டினேன். அது நடக்கவில்லை. அவளோ ஊர் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள், பாவி.

திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கியர் மாற்றினால் விழித்துவிடுவாள் என்று செங்கல் வரை ஒரே கியரில் உருட்டிக்கொண்டு வந்தேன். இறக்கிவிடும்போது கண்ணைத் திறக்காமலே, “நாளைக்கு நெய்யாறு டேம்” என்றாள்.

அவ்வளவு தூரத்துக்கு டின்னில் இருக்கிற எண்ணெய் காணாது. கிருஷ்ணன்குட்டிக்கு ஆள் விட்டிருக்கிறேன்.