ஒரே நீலத்தில் இரண்டு பாட்டில்

கருமத்தம்பட்டி
16 செப்டம்பர் 2024

அன்புள்ள ரூத்துக்கு,

ரங்கநாயகி எழுதுவது. நலமா? மூன்று நாளாகப் போன் செய்கிறேன், நீ எடுக்கவில்லை. காலேஜ் லீவில் வாரத்துக்கு ஒரு கடிதம் போடுவோமே, அந்தப் பழக்கத்தில் பேப்பரை எடுத்துவிட்டேன். இதையாவது படிப்பாயா?

வெள்ளிக்கிழமை ஷ்ரவ்யாவின் கல்லூரியில் நீ பேசினாயே, அதைப் பற்றித்தான். என் மகள் டிசைன் படிக்கப் போனதே உன்னைப் பார்த்துத்தான் என்று உனக்குத் தெரியும். பவானியில் என் தங்கை மகளின் வளைகாப்புக்குக்கூட எங்களோடு வராமல் கடைசி நேரத்தில் உன் பேச்சுக்காக நின்றுகொண்டாள். அன்று முதல் சரியாகச் சாப்பிடவில்லை. "என்னாச்சு கண்ணு?" என்றால், "ரூத் அத்தையக் கேட்டுக்கோம்மா" என்கிறாள்.

அவள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'எழுத்தைச் சின்னதாக்கச் சொன்னால் ஏன் என்று கேள். அச்சுக்குப் போகும் முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிய ஒருவரிடம் காட்டு. பிடித்த நிறம் வேறு, தேவையான நிறம் வேறு.' இவ்வளவுதான் குறித்திருக்கிறாள். பிறகு காலிப் பக்கம்.

ஏதாவது திட்டினாயா? திட்டியிருந்தாலும் உனக்கு இல்லாத உரிமையா?

அவர் சௌக்கியம். தறி ஓடுகிறது. வலது கண் போனதிலிருந்து நூல் அறுந்தால் அவருக்குச் சட்டென்று தெரிவதில்லை, அதனால் ஆள் வைத்திருக்கிறோம். கண் மருந்தென்று கால் ஆணி மருந்தை ஊற்றினேனே, ஆறு வருஷமாகியும் அந்த நினைப்பு வராத நாளில்லை. இன்றுவரை அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் என் ஆறுதல்.

உன் வீட்டுக்காரர் வின்ஸ்டனை விசாரித்ததாகச் சொல்.

உன்
ரங்கா

*

ராமநாதபுரம், கோயம்புத்தூர்
23 செப்டம்பர் 2024

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. ஷ்ரவ்யாவை நான் திட்டவில்லை.

பேச்சின் நடுவில் திரையில் ஒரு படம் போட்டேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாட்டில்கள். ஒன்று கண் மருந்து, மற்றது கால் ஆணி மருந்து. ஒரே அளவு, ஒரே நீல மூடி, ஒரே நீல லேபிள். பெயர் மட்டும் வேறு, அதுவும் பொடி எழுத்தில். "இதை வடிவமைத்தவள் நான். இதனால் ஒரு பெண் தன் கணவரின் கண்ணில் ஆணி மருந்தை ஊற்றிவிட்டார். தவறு அவருடையது என்று எல்லோரும் நினைத்தார்கள். என்னுடையது" என்றேன்.

மூன்றாவது வரிசையில் ஷ்ரவ்யா எழுந்து நின்றாள். வளைகாப்புக்குப் போயிருப்பாள் என்று நினைத்துத்தான் எனக்கு அந்தத் தைரியமே வந்தது.

ஆணி மருந்துக்குச் சிவப்பு மூடி போடலாம் என்று கம்பெனியில் ஒரு தடவை சொன்னேன். "நம்ம மருந்தெல்லாம் ஒரே குடும்பமாட்டத் தெரியோணுமுங்க" என்றார்கள். எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. சரியென்று தலையாட்டிவிட்டேன். பிறகு ஐந்தாறு வருஷம் அதை மறந்தும் போனேன்.

கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ பையிலிருந்து அந்த பாட்டிலை எடுத்துக் காட்டினாய். "என்ர கையாலயே ஊத்திப்போட்டேன் ரூத்து" என்று அழுதாய். பார்த்ததும் என் வேலை என்று தெரிந்தது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். "பதட்டத்துல யாருக்கும் நடக்கறதுதான் ரங்கா" என்று உன் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

போனை எடுக்காததற்கும் அந்தப் பயம்தான் காரணம். நேரில் வரட்டுமா? நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ரூத்

*

கருமத்தம்பட்டி
2 அக்டோபர் 2024

ரூத்துக்கு,

கடிதம் கிடைத்தது. அவருக்குப் படித்துக் காட்டினேன். முடிக்கும்வரை தறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு, "உம்மேல உள்ளுக்குள்ள ஒரு கோவம் கெடந்துச்சு அம்மணி. காட்டுனா நீ தாங்கமாட்டேன்னு பேசாம இருந்துபோட்டேன்" என்றார். சொல்லிவிட்டுக் குழந்தைபோல் அழுதார். அவர் மனதில் ஒன்றுமில்லை என்று ஆறு வருஷம் நம்பியிருந்தேன். அதுவும் பொய்யாகிவிட்டது. இப்போதுதான் இருவரும் வாய்விட்டுப் பேசுகிறோம். அதற்கு உன் கடிதம்தான் காரணம், இல்லையென்று சொல்லமாட்டேன்.

லேபிளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உனக்கும் பிழைப்பு, மற்றவன் சொன்னதைச் செய்தாய். அன்று காலை நானும் அவசரத்தில் படிக்காமல்தான் ஊற்றினேன். ஆனால் மகன் கண்ணைக் கெடுத்தவள் என்று என் மாமியார் சாகும்வரை என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அதை உன்னிடம்தான் சொல்லி அழுதேன். உன் வீட்டுச் சமையலறையில், கிறிஸ்துமஸ் அன்று. நீ காப்பி ஆற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய்.

தவறு என்னுடையது இல்லை என்ற அந்த ஒரு வரி எனக்கு வரவேண்டியது. முன்பின் தெரியாத இருநூறு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாய்.

நேரில் வர வேண்டாம்.

ஷ்ரவ்யா படிப்பை விடப்போவதில்லை. "அத்தை சொன்னதுல ஒண்ணுகூடத் தப்பில்லம்மா, அதுதான் எனக்கு ஆத்திரமா வருது" என்கிறாள். பாடத்தில் சந்தேகம் என்று அவள் உன்னைக் கூப்பிட்டால் எடு. அதை நான் தடுக்கமாட்டேன்.

எனக்கு இனி எழுதாதே. எங்காவது எதிரில் பார்த்தால் சிரிப்பேன். நின்று பேச என்னால் ஆகாது.

செ. ரங்கநாயகி