மாலை போட்டாலும் மருந்து உண்டு

என் உயிருக்குயிரான மாப்ள சரவணா,

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் பயப்படுவதைப் பார்த்துச் சிரிக்க நீயும் இல்லை.

உன் அம்மா பழனிக்கு மாலை போட்டுவிட்டார்கள். போன வருடம் நீ பாதியில் விட்ட நடையை முடிக்கப் போகிறார்களாம். நேற்று திருமங்கலம் வந்து இறங்கியதும் அவர்கள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். உப்பி, வட்டமாக, கன்னம் சிவந்து. நீ கடைசியாக அனுப்பிய போட்டோவில் உன் முகம் இப்படித்தான் இருந்தது. "அம்புட்டுத் துக்கத்துலயும் தேறிட்டாக, முருகன் அருள்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். உன்னையும் இப்படித்தானே மெச்சினார்கள்?

விசாரித்தேன். மூச்சிரைப்புக்கு உன்னைப் போலவே வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து. உன்னிடமிருந்து ஒட்டிய படர்தாமரைக்குத் தல்லாகுளம் தோல் டாக்டர் உனக்குத் தந்த அதே மாத்திரை.

"அத்தை, இரைப்பு மருந்து எடுக்குறத அவர்ட்ட சொன்னீகளா?"

"அரிப்புக்குப் போன எடத்துல இரைப்ப எதுக்குய்யா சொல்லணும்?"

நீயும் சொல்லவில்லை.

மருந்தியல் படித்தவன், சுருக்கமாகச் சொல்கிறேன். உறிஞ்சும் மருந்தில் இருப்பது ஸ்டீராய்டு. உடம்புக்குள் போவதைக் கல்லீரல் உடைத்துத் தள்ளிவிடும். படர்தாமரை மாத்திரை அந்த வேலையை முடக்கிவிட்டால் ஸ்டீராய்டு தேங்கும், முகம் உப்பும். அதைத் தானே சுரக்க வேண்டிய சுரப்பி, வெளியிலிருந்துதான் வருகிறதே என்று தூங்கிப்போகும். அந்த நேரத்தில் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பைத் தாங்க ஸ்டீராய்டே இருக்காது. நீ விரதம் என்று நிறுத்தினாய், நடந்தாய். சமயநல்லூரில் விழுந்தபோது நடந்த களைப்பு என்று பானகம் கொடுத்தார்களாம். ஆஸ்பத்திரியில் காரணத்தைக் கண்டுபிடித்தபோது நீ இல்லை.

"மாலை போட்டாச்சுல்ல, மருந்தெல்லாம் நிறுத்திட்டேன். முருகன் பாத்துக்குவான்" என்றார்கள் அத்தை.

"ஒங்க மகனப் பாத்துக்கிட்டானா?"

கேட்டேவிட்டேன் மாப்ள. வண்டியில் ஏறுங்கள் என்றதும் ஏறிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி டாக்டர் ரத்தம் எடுத்தார். படர்தாமரை மாத்திரை வேண்டாம், பூசும் மருந்து போதும் என்றார். ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றை எழுதித் தந்து, தான் சொல்லாமல் ஒருவேளைகூட நிறுத்தக்கூடாது, பிறகு மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும் என்றார். நடப்பதைப் பற்றி ரிசல்ட் வந்தபின் பேசலாமாம்.

வீட்டுக்கு வந்தும் மாத்திரை அவர்கள் உள்ளங்கையிலேயே இருந்தது. எவ்வளவு விளக்கினேன் தெரியுமா? கல்லீரல் படம்கூட வரைந்தேன்.

"நீ மருமகனா சொல்லாத. மாலை போட்டு, சாமியா வந்து குடு. முழுங்குறேன்."

உன் பச்சை வேட்டியைக் கேலி செய்தவன் நான். குளித்துவிட்டு நேரே குருசாமியிடம் போய்க் கழுத்தை நீட்டினேன். திரும்பி வந்து, "சாமி, மாத்திரை" என்றேன். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். விழுங்கிவிட்டார்கள்.

ரிசல்ட் நாளைக்கு. அந்தச் சுரப்பி எழுந்திருக்குமா? எத்தனை மாதம் ஆகும்? படித்தவனுக்கும் தெரியவில்லை.

டாக்டர் சரி என்றால் மாத்திரையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர்கள் பக்கத்திலேயே நடப்பேன். வேண்டாம் என்றால் அவர்களைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு உன் நடையை நான் நடப்பேன். எப்படியானாலும், மாப்ள, இந்த முறை சமயநல்லூரைத் தாண்டுவோம்.

உன் அம்மாவுக்கு மருமகன், இன்று முதல் சாமியும்கூட,
உன் மாப்ள.