தயார் என்று போட்ட கையெழுத்து

பெங்களூர்
30.7.2025

அன்புள்ள சுமி அக்காவுக்கு,

நான் சுகம். இரவு நான் அறைக்கு வரும்போது நீ தூங்கியிருப்பாய், அதனால்தான் போனுக்குப் பதில் மெயில்.

ஓணத்துக்கு வரும் படகுப் படத்தை நாங்கள் வீடியோ கேமாகச் செய்கிறோம் என்றேனே, அது சரியாக வரவில்லை. இரண்டு வருட வேலை. படம் வெளியாகும் ஆகஸ்ட் 28 அன்றே கேமும் வரவேண்டுமாம், கிடைத்தது ஏழு மாதம். எதைச் செய்தாலும் படக் கம்பெனி சம்மதிக்க வேண்டும். கதாநாயகன் தண்ணீரில் விழக்கூடாதாம், மரியாதைக் குறைவாம். விழாத ஆளை வைத்து என்ன விளையாட்டு? விழும் இடங்களை நீக்கியதில், மூன்றாம் கட்டத்தில் படகு கவிழவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றுவிடுகிறது. "படத்துப் பேருக்கே வாங்குவாங்க" என்று மேனேஜர் சிரிக்கிறார்.

சோதித்துப் பார்ப்பவன் நான். 'தயார்' என்று 18ஆம் தேதி கையெழுத்துப் போடவேண்டும். போடவா, வேண்டாமா?

உன் தம்பி
ஜித்தின்

குளத்தூர்
3.8.2025

என் ஜித்தின் மக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டு மாதம் வேலையில்லாமல் நீ சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்ததை நான் மறக்கவில்லை. 17ஆம் தேதி சபையில் உனக்கும் லிஜாவுக்கும் முதல் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள். மூன்று ஞாயிறும் வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று போதகர் கேட்டு முடிக்கும்வரை உன் வேலைக்கு ஒன்றும் வரக்கூடாது. வந்தால் லிஜா வீட்டில் என்ன நினைப்பார்கள்? கம்பெனிக்கு இல்லாத கவலை உனக்கு எதற்கு? பேசாமல் போட்டுக் கொடு.

பனச்சமூட்டில் உனக்கு வேட்டி எடுத்தாச்சு. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா சுமி

பெங்களூர்
19.8.2025

அக்கா,

நீ சொன்னபடி போட்டுவிட்டேன். மேனேஜர் தோளில் தட்டினார். முதல் ஓலை வாசித்தபோது தான் அழுததாக லிஜா போனில் சொன்னாள். அவளிடம் கையெழுத்துப் பற்றி நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

ஜித்தின்

பெங்களூர்
30.8.2025

அக்கா,

வேலை போய்விட்டது. கேம் வந்த அன்றே எல்லாருடைய படகும் மூன்றாம் கட்டத்தில் நின்றது. வாங்கியவர்கள் கண்டபடி திட்டுகிறார்கள். படக் கம்பெனி கேட்டதும் மேனேஜர் என் கையெழுத்தை எடுத்து நீட்டினார்.

லிஜாவிடம் எல்லாம் சொன்னேன். வேலை போனதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நிக்கும்னு தெரிஞ்சுதானா போட்டீங்க?" என்றாள். ஆமா என்றேன். போனை வைத்துவிட்டாள்.

நாளை மூன்றாம் ஓலை. பயமாக இருக்கிறது.

ஜித்தின்

குளத்தூர்
31.8.2025

மக்கா,

இன்று ஓலை வாசிக்கவில்லை. லிஜா நிறுத்தச் சொன்னாளாம்.

ஆராதனை முடிந்ததும் ஒற்றசேகரமங்கலத்துக்கு அவள் வீட்டுக்கே ஓடினேன். "போடச் சொன்னது நானாக்கும். அவன் என்கிட்ட கேட்டான்" என்றேன். அவள் கோபப்படவில்லை. "வேலை போனா நான் கூட நிப்பேன் அக்கா. நாளைக்கு எங்கிட்டயும் பயந்துட்டு எல்லாம் சரின்னு சொன்னா, நான் எப்படி அறிவேன்?" என்றாள்.

நீ நேரில் வந்தால் பேசுவாள் என்று தோன்றுகிறது. உடனே புறப்பட்டு வா.

அக்கா

குளத்தூர்
14.9.2025

ஜித்தின்,

உன் போன் இரண்டு வாரமாக அணைந்தே கிடக்கிறது. நீ சுகமாக இருப்பதாக உன் அறையில் இருக்கும் விபின் சொன்னான். எனக்கு அது போதவில்லை.

போடாதே என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்துத்தான் அன்று நீ என்னிடம் கேட்டாய். எனக்கு அது அப்போதே தெரியும். தெரிந்துதான் போடச் சொன்னேன், மக்கா.

திட்டியாவது ஒரு வரி எழுது.

சுமி