புதன்கிழமை வரை வைத்திருந்த கடிதம்

1762 மே 1, சனி

"ஐயா, ஒரு பேராயர் செத்தாத்தானே இன்னொருத்தர் மேலே ஏற முடியும்?" மெழுகுவர்த்தி வார்ப்பவரின் மகன் ஹம்ஃப்ரி ஸ்டாலர்ட் பத்து வயதில் என்னிடம் கேட்டது. வகுப்பு சிரித்தது. நான் ஏணியை உதாரணம் காட்டி அவனைப் பாராட்டினேன்.

ஏறினான். ஆக்ஸ்ஃபோர்டில் பணக்கார மாணவர்களுக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டே படித்தான். ஒரு பிரபுவின் வீட்டுக் குருவானான். பிறகு அந்தப் பிரபுவின் தயவில் படிப்படியாக மேலே. பதினோரு வருடமாக இந்த வடக்குத் திருமண்டலத்தின் பேராயர். வாத்தியார் வேலையை விட்ட எனக்கு அவன் மாளிகையில் ஓர் அறை. அவன் கடிதங்களை எழுதித் தருகிறேன்.

வியாழக்கிழமை ஹோம்பியில் திடப்படுத்தல் ஆராதனை, ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பேராயரே சபையில் உறுதிப்படுத்தும் சடங்கு. இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. பேராயர் தலையில் கை வைக்க வேண்டும் என்று விரிகுடாவின் அக்கரையிலிருந்து, கடல் வடிந்த மணலில் நடந்து வருவார்கள்.

மே 3, திங்கள்

லண்டனிலிருந்து கடிதம். தெற்கே பெரிய திருமண்டலத்தின் கிழப் பேராயருக்கு உடம்பில் நீர் கோத்து முற்றிவிட்டது, பிழைக்கமாட்டார்; அந்த இடம் அடுத்து யாருக்கு என்பது மந்திரி கையில். அடுத்த செவ்வாய், பேராயர்களும் உட்காரும் பிரபுக்கள் சபையில் வாக்கெடுப்பு; மந்திரிக்கு ஹம்ஃப்ரியின் வாக்கு வேண்டும். உடனே வண்டி பூட்டச் சொல்லிவிட்டான். பேராயர் வரமாட்டார் என்று ஹோம்பிக்கு ஒரு கடிதம் எழுதி, இன்றே ஆளிடம் கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் ஐயா. நான் கிளம்பினது தெரிஞ்சா, அந்த மனுஷன் சாகறதுக்குள்ள நாற்காலிய அளக்கப் போயிட்டான்னு ஊரே சிரிக்கும். புதன்கிழமை அனுப்புங்க, போதும்."

மழை, பாதை மோசம் என்றேன். ஒரு நாள் தாராளம் என்றான். தலையாட்டினேன்.

மே 5, புதன்

விடியுமுன் கடிதத்தோடு குதிரைக்காரனை அனுப்பினேன். மழை.

மே 7, வெள்ளி

பாலம் உடைந்திருக்கிறது. குதிரைக்காரன் சுற்றிப் போய், நேற்று இரவு எட்டு மணிக்குத்தான் ஹோம்பி சேர்ந்தான்.

அக்கரைக்காரர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். மாலை ஐந்து மணிக்குள் மணலில் இறங்கினால்தான் திரும்ப முடியும். பேராயர் இதோ வந்துவிடுவார் என்று ஹோம்பிக் குரு பிடித்து வைத்தாராம். ஏழு மணிக்கு இறங்கியிருக்கிறார்கள் — மாடு கறக்கணும், வீட்டுல சின்னப் பிள்ளைங்க. பாதி மணலில் கடல் ஏறிவிட்டது.

ஐந்து பேர்.

மே 9, ஞாயிறு

ஹோம்பிக்குப் போனேன். இறால் பிடிக்கும் ஆக்னஸ் டைசனின் இரண்டு மகள்களும் அந்த ஐவரில். திடப்படுத்தலுக்கென்று தைத்த வெள்ளைத் தொப்பிகள் குரு வீட்டு அடுப்புக்கு மேல் காய்ந்துகொண்டிருந்தன. பேராயருக்கு உடம்பு சரியில்லை என்று குரு அவளிடம் சொல்லி வைத்திருந்தார். அவள் என்னிடம் வந்தாள்.

"அவர் வரமாட்டார்னு உங்களுக்கு என்னிக்குத் தெரியும், வாத்தியாரே?"

"திங்கட்கிழமை."

விரல்விட்டு எண்ணினாள். நாலாவது விரலில் நின்றுவிட்டாள்.

மே 11, செவ்வாய்

இன்று வாக்கெடுப்பு. நான் ஏன் தலையாட்டினேன்? பயமா? இல்லை. அவன் ஏறணும்னு எனக்கும் ஆசை. அவ்வளவுதான்.

ஜூன் 26, சனி

கிழவர் போய்விட்டார். ராஜா அனுப்பியது ஒரே ஒரு பெயர். ஆனாலும் அங்குள்ள குருமார் முழங்காலிட்டு, வழிகாட்டும்படி ஜெபித்து, ஹம்ஃப்ரியைத் தேர்ந்தெடுத்தார்களாம். அங்கே எனக்கு வெயில் விழும் அறை ஒதுக்கியிருப்பதாக எழுதியிருக்கிறான். மணலில் போனவர்களைப் பற்றி ஒரு வரி: கர்த்தருடைய சித்தம், ஐயா.

நான் இரண்டு நாள் கைவசம் வைத்திருந்த கடிதத்துக்குக் கர்த்தர் பொறுப்பல்ல என்று பதில் எழுதினேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹோம்பிக்கு வந்துவிட்டேன். ஆக்னஸ் என்னைக் கண்டால் பாதை மாறிப் போகிறாள்.

யாராவது இதைப் படித்தால், ஒன்று செய்து பாருங்கள்: வரமுடியாது என்று தெரிந்த அன்றே, காத்திருப்பவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.