கோட்டைக் காவலனைக் கொல்வது பற்றி ஸாஹிராவுக்கு

என் சண்டைக்காரி ஸாஹிரா,

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், அலுமாரி மேல் தட்டிலிருந்து என் டோர்ச் இரண்டையும் எடுத்தேன். திரைச்சீலைகளை இழுத்து மூடினேன். ஹோலின் நடுவில், நீ சொல்லித் தந்தபடி முழங்காலைச் சற்று மடித்து நின்றேன். ஒரு வெளிச்சம் சுவரில் விழுந்தது, மற்றது குளிர்சாதனப் பெட்டியின் கதவில். நீ நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கதிரையை வைத்திருந்தேன். அதை வெளிச்சத்தால் எத்தனை முறை சுட்டாலும் அது என் கையைத் தட்டிவிடவில்லை.

உன் டோர்ச் இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. உள்ளே வைத்தபடி விட்டால் கசிந்து பழுதாகிவிடும் என்று பெற்றரிகளைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

கீழ்வீட்டுச் சிங்கள நோனா போன வாரம் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "மிஸ்லா தென் நடன்னே நெத்த?" என்று கேட்டார். இப்போது நீங்கள் இருவரும் ஆடுவதில்லையா என்று. இத்தனை காலமும் நாம் மேலே நடனம் பழகுவதாகத்தான் அவர் நினைத்திருக்கிறார். இல்லை என்று மட்டும் சொன்னேன். நீ இருந்திருந்தால் அந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியிருப்பாய்.

உனக்கு நினைவிருக்குமா, நாம் முதலில் பேசியது? குண்டசாலை பஸ்ஸில், அலுவலகக் கோப்புக்குள் ஒளித்துவைத்து நான் ஒரு நிஞ்சா படக்கதை படித்துக்கொண்டிருந்தேன். அரச அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளராக இருப்பவள், நாற்பதை எட்டிக்கொண்டிருப்பவள், வெளிப்படையாகப் படிக்கக்கூடிய புத்தகமா அது? பின்னால் நின்றிருந்த நீ என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாய்.

"இப்பிடி சுட்டா மணிக்கட்டு ஒடிஞ்சிரும் மிஸ்."

திரும்பிப் பார்த்தேன். கழுத்தில் விசில், தலையில் நீல நிற ஸ்கார்ஃப், கையில் ஒரு வலை நிறையப் பந்துகள்.

"நீங்க சுட்டிருக்கீங்களா?" என்றேன்.

"நெட்போல் எறிஞ்சீக்கன். கைக்கி எல்லாம் ஒண்டுதான்."

அடுத்த சனிக்கிழமையே நீ கலகெதரவிலிருந்து பஸ் மாறி என் வீட்டுக்கு வந்தாய். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமை வரவில்லை? பத்திரிகையில் நிஞ்சாத் தொடர்கதை எழுதத் தொடங்கி, 'கண்டியூர் வீரா' என்ற ஆண் புனைபெயருக்குள் நாம் இரண்டு பெண்களும் வசதியாக ஒளிந்துகொண்டோம். கதை என்னுடையது, சண்டை உன்னுடையது. தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி வீராவுக்கு ஒரு வாசகி எழுதியபோது நீ சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறியது.

வாசகர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நிஞ்சா என்றால் எல்லோரும் வாளையும் நட்சத்திரத் தகட்டையும் எழுதுகிறார்கள், நாம் துப்பாக்கியை எழுதுவோம் என்று சொன்னவள் நீ. தூரத்தில் நின்று சுடுவது உனக்குப் பிடிக்கவில்லை. "அதுல என்ன வீரம் ஈக்கி? தபால் அனுப்புற மாதிரி." அதனால் ஆளுக்கு இரண்டு கைத்துப்பாக்கி, கைக்கெட்டும் தூரத்தில் எதிரெதிரே நிற்க வேண்டும் என்று விதி செய்தாய். எதிராளியின் குழலை உன் மணிக்கட்டால் விலக்கி, தோளைத் திருப்பி, அவள் திரும்பி வருவதற்குள் உன் குழலை அவள் நெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தக் கலைக்கு 'இருகுழல்' என்று பெயரும் வைத்தாய். அதைக் கண்டுபிடிக்கத்தான் டோர்ச். வெளிச்சம் உடம்பில் பட்டால் அது குண்டு. நீ என்னைக் கொல்வாய், மேசைக்குப் போய் அந்த அசைவை நான் எழுதுவேன், திரும்பி வந்து மறுபடியும் சாவேன்.

அந்தக் கலை தனியாகப் பழக முடியாதது. விலக்குவதற்கு இன்னொருவருடைய கை வேண்டும். இதை எத்தனையோ அத்தியாயங்களில் எழுதியிருக்கிறேன். இன்று காலையில்தான் அது என் தோளுக்குத் தெரிந்தது. தட்டிவிட எதுவுமில்லாத கை, வீசிய வேகத்தில் தானாகவே போய்க் கதவில் இடித்துக்கொண்டது.

ஹொராமுவைப் பற்றித்தான் எழுத வந்தேன். நம் கதையை அறியாமல் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: அவன்தான் எங்கள் வில்லன். பனிமலைக் கோட்டையொன்றின் வாசலைக் காப்பவன். 'மாற்றுக் காவலன் வரும்வரை யாரையும் உள்ளே விடாதே' என்பது அவனுக்கு இட்ட கட்டளை. கட்டளையிட்ட பிரபு இறந்துவிட்டான். வம்சமும் அழிந்துவிட்டது. கோட்டைக்குள் காக்க எதுவும் இல்லை. அதை அவனிடம் சொல்ல வருகிற எல்லோரையும், சொல்வதற்கு முன்பே, அவன் கொன்றுவிடுகிறான். எங்கள் கதாநாயகி யுனேயின் அண்ணன் அப்படித்தான் செத்தான். இருகுழலில் தனக்கு ஜோடியாக இருந்த பையன் சிறுவயதிலேயே காய்ச்சலில் போய்விட்டதால், ஹொராமு கல்தூணோடு பழகியவன். இரவில் இரண்டு பேருக்குச் சோறு வடிப்பான், ஒரு பங்கைக் காகத்துக்குப் போடுவான்.

அந்தச் சோற்றை எழுதியது நான். அவனுடைய கைகளை எழுதியது நீ.

நீ கடைசியாக வந்த சனிக்கிழமை நாம் உண்மையாகவே சண்டை போட்டோம். டோர்ச் இல்லாமல்.

"அவன கொல்லோணும் அக்கா," என்றாய்.

"பாவம் புள்ள அவன்."

"பாவம்ண்டுதான் கொல்லச் சொல்றன். இன்னம் எத்தின வருஷம் அந்த வாசல்ல நிப்பான்? ஒங்களுக்கு கால் வலிக்கல்லயா அவனப் பாத்து?"

"மனசு மாறி கீழ எறங்கி வரட்டுமே. ஒரு கடை கிடை வச்சிப் பொழைக்கட்டும்."

"ஹொராமு கடை போடுவானா? என்ன கடை? கொத்து ரொட்டியா?" நீ சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய். "அக்கா, நீங்க கவனிக்கல்ல. அவனுக்குத் தூரத்திலேந்தே சுட ஏலும். மதிலுக்கு மேல நிண்டு சுட்டா சோலி முடிஞ்சி. ஆனா ஒவ்வொரு தடவையும் எறங்கி கிட்ட வாறான். அவன் சுட வரல்ல. தொட வாறான். வேற யார் அவன்ட கையத் தொடுற?"

அது உன் கற்பனை, நான் எழுதாத ஒன்று என்று உள்ளுக்குள் கோபம்கூட வந்தது. தலை வலிக்கிறது, அடுத்த கிழமை பேசுவோம் என்று நீ எழுந்தாய். சும்மா சாக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். டெங்கு என்பது உன் தங்கை சொல்லித்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது, பேசாதே என்று நர்ஸ் அதட்டியதால், நீ விரலைத் துப்பாக்கிபோல் நீட்டிக் காட்டினாய். தேறிவிடுவாய் என்று நம்பித்தான் அம்மாவைப் பார்க்க ஹுன்னஸ்கிரியவுக்குப் போனேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. செய்தி பிந்தித்தான் கிடைத்தது; நான் கலகெதரவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, உன்னை அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

அலுவலகத்தில் விடுமுறை கேட்டேன். "யார் இறந்தது?" என்றார் மேலதிகாரி. "கூட்டாளி" என்றேன். கையெழுத்துப் போட்டார். ஆனால், அதற்காகவா என்று முகத்தில் ஒரு கேள்வி இருந்தது. நானும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். உனக்கு நான் யார் என்று எப்படிச் சொல்வது?

இப்போது நம் பத்திரிகை ஆசிரியரின் செய்தி. கதையை முடிக்கவேண்டாமாம்.

"மேடம், வாற கடிதமெல்லாம் ஹொராமுவுக்குத்தான். யுனேய எவன் கேக்கிறான்?" என்றார் போனில். "வில்லனக் கொன்னுடாதீங்க. நீங்கதானே முந்தி எங்கிட்டயும் அவன் பாவம்னு வாதாடுனீங்க?"

"சண்டைக்கு ஆளில்லையே சார்."

"அதுக்கென்ன? பேராதனைப் பக்கம் ஒரு கராத்தே மாஸ்டர் இருக்காரு. அவர் சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க. வாசகனுக்கு வித்தியாசம் தெரியாது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உனக்குக் கோபம் வரும், ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: எனக்கு ஆசையாக இருந்தது. ஹொராமு சாகாதவரை கதை முடியாது. கதை முடியாதவரை அட்டையில் நம் இருவரின் வீரா இருப்பான். சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இருக்கும். நான் சொன்னபடியே அவன் பிழைத்துக்கொள்வான். இந்த விவாதத்தில் நான்தான் ஜெயிக்கிறேன் ஸாஹிரா. எதிரில் யாரும் இல்லை.

அந்த மனநிலையோடுதான் உன் நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கு வந்தேன். ஓதி முடிந்ததும் பெண்களை உள்ளறைக்குக் கூப்பிட்டுப் பாயில் உட்காரவைத்தார்கள். முக்காட்டுக்காக நான் கொண்டுபோன சால்வை வழுக்கி வழுக்கி விழுந்தது. நடுவில் பெரிய சஹனை வைத்தார்கள். ஆறு பேருக்கு ஒரே தட்டு. மலைபோலச் சோறு, மேலே இறைச்சி. நீ கதை கதையாகச் சொன்ன அதே சஹன்.

எனக்குத் தனியாகச் சாப்பிட்டுப் பழக்கம், உனக்குத் தெரியும். என் பக்கத்து ஓரத்தில், கோடு கிழித்ததுபோல், கொஞ்சமாகக் கிள்ளிச் சாப்பிட்டேன். யார் விரலும் என்மேல் படாமல் பார்த்துக்கொண்டேன். எதிரில் உட்கார்ந்திருந்த உன் உம்மா கவனித்திருக்கிறார்.

"சஹன்ல வெக்கப்பட்டா பசியோடதான் போகோணும் மகள்," என்று, தன் கையாலேயே ஒரு பெரிய இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளினார். "நீங்க எங்கட புள்ளேட ஸ்கூல் டீச்சரா?"

"இல்ல உம்மா. குண்டசாலை."

அவர் கை அப்படியே நின்றது. "ஒவ்வொரு சனிக்கிழமையும் குண்டசாலைக்கித்தான் போவா. என்னத்துக்குடீண்டு கேட்டா, சண்டை புடிக்க போறன் உம்மாண்டு சொல்லுவா. அந்தச் சண்டைக்காரி நீங்கதானா?"

"நான்தான் உம்மா."

"யார் வெல்லுற?"

"எப்பவும் அவதான்."

"அப்பிடித்தான் ஈக்கும்," என்று உம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பக்கத்தில் இருந்தவள், யாரோ எனக்குத் தெரியாது, தன் பங்கு மாசிச் சம்பலை என் பக்கம் ஒதுக்கினாள். இன்னொருத்தி என் முழங்கையை இடித்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள். நானும் ஓரத்தை விட்டு நடுவுக்குக் கையை நீட்டினேன். சூடான சோற்றுக்குள் யாருடைய விரலோ என் விரலில் பட்டது. அது யாருடையது என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நீ போன பிறகு என்னை யாரும் தொட்டிருக்கவில்லை ஸாஹிரா. அதுவரை எனக்கு அது தெரியவே தெரியாது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஹொராமுவை நினைத்தேன். மதில்மேல் நின்று சுட்டுவிடக்கூடியவன், ஒவ்வொரு முறையும் அத்தனை படிகளும் இறங்கி வருகிறான். வருகிறவன் தன் கையை விலக்க வேண்டும் என்பதற்காக வருகிறான். விலக்கியவனைக் கொன்றுவிட்டு மறுபடியும் தனியாக மேலே ஏறுகிறான். நான் அவனுக்கு இரங்குவதாகச் சொல்லிக்கொண்டு, அவனை அந்தப் படிகளில் ஏறி இறங்க வைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கராத்தே மாஸ்டரோடு சேர்ந்து இன்னும் எத்தனை பேரை அவன் முன்னால் அனுப்புவேன்? எனக்குச் சனிக்கிழமைகள் வேண்டும் என்பதற்காகவா?

நீ சொன்னது சரி என்று இப்போதும் முழுமனதோடு எழுத வரவில்லை. அவன் பிழைத்துக் கீழே இறங்கி வந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவன் கைகள் உன்னுடையவை. அவற்றை வேறு ஒருவரிடம் கொடுக்க என்னால் ஏலாது.

ஆகவே ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். ஆசிரியருக்குச் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. அடுத்த அத்தியாயத்தில் ஹொராமு சாவான். கதை அங்கே முடியும். வீரா அதற்குப் பிறகு எழுத மாட்டான். இந்தக் கடிதத்தையும் அந்த அத்தியாயத்தோடு சேர்த்து அனுப்பிவிடுவேன். அச்சில் பார்த்து எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்.

சண்டையை நானே எழுதுவேன். மோசமாகத்தான் இருக்கும். கால் வைக்கும் இடம் தப்பும், தோள் தப்பான பக்கம் திரும்பும், உன் மாணவிகள் யாராவது படித்தால் சிரிப்பார்கள். ஆனால் ஒன்று மட்டும் தப்பாமல் பார்த்துக்கொள்வேன் என்று உனக்கு வாக்குத் தருகிறேன். அவனைச் சுட்ட பிறகு யுனே ஓடிவிட மாட்டாள். பக்கத்தில் உட்காருவாள். அண்ணனைக் கொன்றவன் என்பதை மறக்காமலேயே உட்காருவாள். அவனுக்குக் கேட்கும்படி குனிந்து, மாற்று ஆள் வந்தாயிற்று, உங்கள் காவல் முடிந்தது, இனி நீங்கள் போகலாம் என்று சொல்வாள்.

அந்த வரியை எழுத எனக்கு இன்னும் சில நாட்கள் பிடிக்கும்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
பவானி
குண்டசாலை